இன்றைக்கு ஒன்றும் இல்லை

சனிக்கிழமை ஆலையில் ஷிப்டு முடிந்ததும்
நேரே பண்டுக்குத்தான் போனேன்.
சுங்கை நீப்பாவில் செம்பனை முடிகிற இடத்தில்
கடல் தொடங்குவதில்லை.
முதலில் ஒரு வாய்க்கால், பிறகு மண்கரை, துருப்பிடித்த பம்ப் வீடு,
அப்புறம் சேறு சேறு சேறு,
கடைசியில்தான், அதற்கு மனமிருந்தால், தண்ணீர்.

கொசு உள்ளான்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.
நானூற்றுப் பதினொன்றாவது
கொத்தவில்லை.
தலையைக் குனிந்து இடமும் வலமுமாகச்
சேற்றைத் துழாவியபடி நடந்தது,
கழன்று விழுந்த தோட்டைத் தேடுகிறவளைப் போல.
நிமிர்ந்தது. அலகின் நுனியில்
கரண்டி.

கரண்டிமூக்கு உள்ளான்!
முப்பது கிராம் இருக்குமா?
நான் எடைமேடைக் கிளார்க்.
லாரியைக் குலையோடு நிறுத்து, குலையில்லாமல் நிறுத்து
கழித்து எழுதுகிறவள்.
என் மேடையில் இது வந்து நின்றால்
எண் அசையாது.
கைதான் அசைந்தது; தொலைநோக்கிக்குள் கடல் இரண்டு தரம் குதித்தது.
காலில் பச்சைப் பட்டை. முதல் எழுத்து கே.
இரண்டாவதைச் சேறு தின்றிருந்தது.

அன்று மாலை ஆ ஹோக்கின் டயர் கடை.
வாரக் கணக்கு எழுதுகிற 555 நோட்டு,
பாதி அவன் கடன்காரர்கள், பாதி எங்கள் பறவைகள்.
'பவளக்காலி அறுபது. கொசு உள்ளான் நானூற்றுப் பத்து' என்று எழுதினேன்.
பொய் ஒன்றுதான். ஒரே ஒன்று.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம்
ஒரு பச்சைக்காலியைச் சொல்லித் தொலைத்தோம்.
பதினொரு கார் வந்தது.
பறக்கிற படம் வேண்டுமென்று ஒருவன்
சேற்றை உருட்டி எறிந்தான்.
மானேஜர் கேட்டைப் பூட்டினார், நாலு மாசம்.

"இன்னிக்கி ஒன்னும் இல்ல லா," என்றான் ஆ ஹோக்,
தோட்டத்துப் பிள்ளைகளோடு கோலி விளையாடிக் கற்ற தமிழில்.
"தாக் அடா," என்றாள் கிளினிக் ரொஸ்னாணி.
இன்பராஜ் வாயே திறக்கவில்லை,
லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு. ஏற்றம் எட்டே காலுக்கு.
இருட்டோடு மோட்டார் விளக்கை அணைத்துவிட்டுப் போனேன்.
பம்ப் வீட்டுக்குப் பின்னால் ஆ ஹோக்கின் வேன்.
நீப்பா மட்டைகளுக்கிடையே குப்புறப் படுத்து ரொஸ்னாணி,
தூடோங் முனையெல்லாம் சேறு.
கொஞ்சம் தள்ளி இன்பராஜின் பள்ளி பஸ்.
அவ்வளவு மஞ்சளை எந்த மரத்துக்குப் பின்னால் ஒளிப்பது?

கொஞ்ச நேரம் எல்லாரும் கடலையே பார்த்தோம்.

"வியாழக்கிழமையே பாத்துட்டேன்," ஆ ஹோக் தரையைப் பார்த்துச் சொன்னான்.
"முன்னெழுத்து தெரியல. பின்னாடி ஒன்னோ ஏழோ."
"ஏழு," என்றாள் ரொஸ்னாணி, "வெள்ளிக்கிழமை. வளைவு இருந்தது."
"கே," என்றேன் நான்.
கே ஏழு.
மூன்று திருடர்கள் சேர்ந்து
ஒரு கால் பட்டையைப் படித்து முடித்தோம்.
இன்பராஜ் பறவையைப் பார்த்திருக்கவே இல்லை.
நேற்று எங்கள் மூன்று முகத்தைப் பார்த்தானாம்,
அது போதுமாக இருந்ததாம்.

நோட்டை வேனிலிருந்து எடுத்து வந்தான்.
என் நானூற்றுப் பத்தை அடித்துப் பதினொன்றாக்கினேன்.
கடன் எழுதுகிற நோட்டுதானே.

அது வந்தது, ஏற்றத்தோடு,
நாங்கள் படுத்திருந்த இடத்துக்கு முப்பதடியில்.
யாரும் படம் எடுக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

திரும்பும்போது பண்டில் ஒரு பழைய புரோட்டான்.
கண்ணாடியை இறக்கினான் ஒரு பையன்,
ஈப்போவிலிருந்து ராத்திரியே கிளம்பியிருக்கிறான்.
மடியில் தொலைநோக்கி, பக்கத்து சீட்டில்
இடியாப்பப் பொட்டலம் பிரிக்காமல்.
"அக்கா, ஏதாச்சும் இருக்கா?"

ஆ ஹோக் டயரைப் பார்த்தான், பழக்கதோஷம்.
இன்பராஜ் வானத்தை.
"பம்ப் வீட்டைத் தாண்டி..." என்று வாயெடுத்தேன்.
ரொஸ்னாணி என்னைப் பார்த்தாள்.